தங்கதுரை காட்டிய பள்ளம்

மூணாறு ஜீப் ஸ்டாண்டில் தங்கதுரைக்கு மனுசர்களைப் பிடிக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அது சுத்தப் பொய். அவனுக்கு மனுசர்களைப் பிடிக்கும். ஊர் பார்க்க வருகிற மனுசர்களைத்தான் பிடிக்காது. அவர்களை ஏற்றி இறக்கித்தான் அவன் வீட்டில் உலை கொதிக்கிறது என்பது வேறு விஷயம். சோறு போடுகிறவனை மெச்சவும் வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது?

அவன் வெறுப்புக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாட்டுப்பட்டி அணைக்கு மேலே நின்றுகொண்டு, "இது தானா உண்டான ஏரியா, இல்ல கட்டுனதா?" என்று கேட்கிறவனை என்ன செய்வது? எதிரே மதில் மாதிரி நிற்கிற சிமெண்டு அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. தேயிலைக் காட்டில் கொழுந்துக்காரி வேசத்தை வாடகைக்கு வாங்கி, தலையில் கூடையை மாட்டிக்கொண்டு, ஒரு கிளையைப் பிடித்தபடி பல்லைக் காட்டுகிற பெண்களைப் பார்த்தால் அவனுக்கு வயிறு எரியும். அவன் அம்மா சாந்தம்மாள் அதே சுமையைத் தலையில் மாட்டி மாட்டித்தான் கழுத்து எலும்பு தேய்ந்து, கடைசிக் காலத்தில் ஆகாயத்தை நிமிர்ந்து பார்க்க முடியாமல் செத்தாள். அவளை எவனும் போட்டோ எடுத்ததில்லை.

தங்கதுரை பிறந்தது தேயிலை எஸ்டேட்டின் நெட்டிப்பாறை டிவிஷனில், ஆற்றோரத்துக் கீழ் லயத்தில். தொழிலாளிகளுக்கு எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடு. ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இவன் வீடு, இந்தப் பக்கம் சின்னமுத்து வீடு. உப்பு தீர்ந்தால் சுவரைத் தட்டினால் போதும். இவன் அம்மா காட்டுக்குப் போயிருந்த நாளெல்லாம் இவனுக்குச் சோறு சின்னமுத்து வீட்டில்தான். வளர்ந்து பேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலைக்குச் சேர்ந்தான். சூப்பர்வைசரோடு வாய் கொடுத்து வெளியே வந்தான். எஸ்டேட் டிராக்டர் ஓட்டினான். அங்கேயும் வாய். கடைசியில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியில்லை என்று ஒரு பழைய ஜீப்பை வாங்கிக்கொண்டு பெண்டாட்டியோடு டவுனுக்குக் குடி வந்தான். நாள் முழுக்க வந்தவன் போனவனுக்கெல்லாம் பதில் சொல்கிற வேலை அது என்று அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. சின்னமுத்து லயத்திலேயே இருந்துவிட்டான்.

போன ஆடியில் மழை வெளுத்து வாங்கியது. ஆறு கடைவீதிக்குள் வந்தது. ரோடெல்லாம் துண்டு துண்டாகப் பிய்ந்து போனது. நெட்டிப்பாறையில் மலை பொட்டி, மண்ணும் பாறையும் உருண்டு வந்து கீழ் லயத்தை ஆற்றோடு கொண்டுபோனது. தங்கதுரை தீயணைப்புக்காரர்களோடு சேர்ந்து மண்ணைத் தோண்டினான். சின்னமுத்துவின் பெண்டாட்டி பிணமாகக் கிடைத்தாள். மற்றவர்களில் பலரும் கிடைத்தார்கள். சின்னமுத்து கிடைக்கவில்லை. இனித் தேடிப் பயனில்லை என்று அதிகாரிகள் கை கழுவிய அன்று கம்பெனிக்காரர்கள் டிவிஷனையே மூடி, ரோட்டில் இரும்புக் கேட்டு போட்டு, வீரபாண்டியை வாச்சராக உட்கார வைத்தார்கள். மிச்சமிருந்த குடும்பங்களை வேறு லயங்களுக்கு மாற்றினார்கள். அதற்கப்புறம் தங்கதுரை அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை.

ஐப்பசியில் வெயில் தலைகாட்டியதுதான் தாமதம், வந்துவிட்டார்கள். அணை பார்க்க, டாப் ஸ்டேஷன் பார்க்க, வட்டவடையில் கேரட் பிடுங்கிப் பார்க்க. அதோடு இன்னொன்றும் பார்க்க.

"டிவில காட்டுனாங்களே, அந்த உருள் பொட்டுன எடம், அது எங்க இருக்கு? போற வழிதானா?"

முதலில் கேட்டது ஒரு கார் பார்ட்டி. வாயில் சிப்ஸ் மென்றுகொண்டே கேட்டார்கள். தங்கதுரைக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் ஸ்டாண்டில் பார்ட்டி மேல் கை நீட்டினால் ஜீப்பை வெளியே எடுத்துவிடுவார்கள். மாட்டுப்பட்டி தாண்டி ஒரு வளைவில், பிய்ந்துபோன ரோட்டை நிரப்புவதற்காக ஜேசிபி வைத்து மலையைச் சுரண்டி மண் எடுத்த பள்ளம் ஒன்று சிவப்பாகக் கிடந்தது. பொய் சொல்லத் தீர்மானித்ததுகூட இல்லை, அதன் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, "இதான்" என்றான்.

அவர்கள் இறங்கினார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றினார். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பிறகு எல்லாரும் வரிசையாக நின்று, முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு செல்ஃபி எடுத்தார்கள். முதல் படத்தில் ஒருத்தி தவறிப்போய்ச் சிரித்துவிட்டாள் என்று மறுபடியும் எடுத்தார்கள். கான்டிராக்டர் மண் தோண்டிய குழிக்கு முன்னால்!

அன்றைக்கு ஸ்டாண்டில் இதைச் சொல்லிச் சொல்லித் தங்கதுரை சிரித்தான். மற்ற டிரைவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு டிரைவர் பார்ட்டியிடம் சொன்னதை இன்னொரு டிரைவர் மறுத்துப் பேசக் கூடாது. ஒருத்தன் ஒரு பாறையைக் காட்டி அதில் புலி படுத்தது என்று சொல்லிவிட்டால், எல்லாருக்கும் அங்கே புலி படுத்ததுதான். இல்லாவிட்டால் ஒருத்தன் மானம் மட்டும் போகாது, மொத்த ஸ்டாண்டின் மானமும் போகும். அப்படித்தான் அந்தப் பள்ளம் நெட்டிப்பாறை ஆனது. எல்லா ஜீப்பும் அங்கே நின்றது. சோளம் சுடுகிறவன் வந்தான். யாரோ மாலை போட்டார்கள், யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள். இங்கே செல்ஃபி எடுக்கக் கூடாது என்று யாரோ மலையாளத்தில் பலகை எழுதி வைத்தார்கள். அந்தப் பலகையோடும் செல்ஃபி எடுத்தார்கள்.

தங்கதுரைக்கு உள்ளூரத் திருப்திதான். நிஜமான இடம் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் கண்ணும் படாமல் கிடக்கிறது. சின்னமுத்து நிம்மதியாக இருக்கட்டும். வீரபாண்டியிடமும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தான்: "எவன் வந்து என்ன கதை சொன்னாலும் தொறக்காத. சொந்தக்காரன்னு கூடச் சொல்லிட்டு வருவானுக. இந்த டூரிஸ்ட்டுச் சாதி எதுக்கும் கூசாது."

சொல்லச் சொல்லக் கதையும் முற்றியது. இங்கேதான் அடுப்பு, இங்கேதான் தொட்டில் என்று குழியின் மூலைகளைக் காட்டுவான். ஒருநாள் வாய்க்கு வந்தபடி ஒரு நாயையும் சேர்த்தான். எஜமானைத் தேடி இன்னும் தினம் வந்து படுக்கிற நாய். அந்த நாய்க் கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. நாய்க்காகத் தேம்பி அழுதார்கள், நாயின் பெயர் என்ன என்று கேட்டார்கள். செத்துப்போன ஒரு மனுசனின் பெயரை ஒருத்தரும் கேட்கவில்லை. இவர்களுக்கு இந்தக் குழியே அதிகம் என்று தங்கதுரை நினைத்துக்கொண்டான்.

வைகாசியில் பள்ளிக்கூட லீவு முடிகிற சமயம், ஸ்டாண்டில் அவன் முறைக்கு ஒரு அம்மாவும் மகனும் வந்தார்கள். மகன் அருண்பாண்டி. கல்லூரிப் பையன், கறுப்புக் கண்ணாடி, காதில் ஒயர். அம்மா முருகேஸ்வரி. பளபளக்கிற நைலக்ஸ் சேலை, கையில் ஒரு துணிப்பை.

"அந்த மண்ணு சரிஞ்ச வியூ பாயிண்ட்டு போகணும்ணே. வேற எதும் பாக்க வேண்டாம்," என்றான் பையன்.

வியூ பாயிண்ட்டு! தங்கதுரை வண்டியைக் கிளப்பினான். வழியில் அணையைக்கூட அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. சாவைப் பார்க்க இவ்வளவு அவசரம் காட்டுகிற பார்ட்டியை அவன் அதுவரை ஏற்றியதில்லை.

பள்ளத்தில் ஏற்கெனவே ஒரு ஜீப் நின்றது. வடகரப்பதியிலிருந்து குடும்பத்தோடு வந்த ஈஸ்வரமூர்த்தி அதிலிருந்து இறங்கி, செல்போனை உயரப் பிடித்தபடி குழியைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். தென்னந்தோப்பு, போர்வெல், டிராக்டர் என்று வசதியான ஆள். தோப்பை அளக்கிற கண்ணாலேயே குழியையும் அளந்தார்.

"ஏனுங்க டிரைவரு, இத்தினிக்கூண்டு எடத்துலயா ஒரு லைன் வீடே இருந்துச்சுங்க? டிவில பெருசாத் தெரிஞ்சுதுங்களே?"

"டிவில எல்லாமே பெருசாத்தான் சார் தெரியும்," என்று சொல்லிவிட்டுத் தங்கதுரை தன் பாட்டை ஆரம்பித்தான். அடுப்பு வந்தது, தொட்டில் வந்தது. நாய் வந்தபோது ஈஸ்வரமூர்த்தியின் சம்சாரம் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்தாள்.

முருகேஸ்வரி அழவில்லை. தொட்டில் என்று அவன் காட்டிய மூலைக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்து விரித்தாள். கையால் மண்ணை அள்ளி அள்ளி அதில் வைத்து முடிச்சுப் போட்டாள்.

தங்கதுரைக்குச் சீ என்று வந்தது. முன்பு தேயிலைச் செடியைப் பிடுங்கிப் போனார்கள், இப்போது மண்ணையுமா? அவன் நாக்கு சும்மா இருக்குமா?

"வீட்டுத் தொட்டிக்கா அக்கா? அள்ளுங்க, அள்ளுங்க. நல்ல மண்ணு. ரோசா நல்லா வரும்."

ஈஸ்வரமூர்த்தி சிரித்தார். முருகேஸ்வரி நிமிர்ந்து தங்கதுரையை ஒரு பார்வை பார்த்தாள். முடிச்சை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் ஜீப்பில் ஏறினாள்.

திரும்பும் வழியில்தான் நெட்டிப்பாறைக்குப் பிரிகிற கேட்டு. அதைத் தாண்டும்போது பையன் காதிலிருந்த ஒயரைக் கழற்றினான்.

"அம்மா, காலைல நம்மள வெரட்டி விட்டாம்லா, அந்தக் கேட்டு இதான்."

தங்கதுரை கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தான். "இங்க எதுக்குப் போனீங்க?"

"எங்க மாமா இந்த டிவிஷன்ல இருந்தாவ. சொந்தக்காரங்கன்னு சொன்னோம், வாச்சர் நம்பல. ஆபீஸ் லெட்டர் இருக்கா, அது இருக்கா இது இருக்கான்னான். அதான் டூரிஸ்ட்டுன்னு சொல்லிருவோம், டூரிஸ்ட்டுன்னா எங்கயும் விட்ருவாங்கன்னு நான்தான் அம்மாவ ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"எப்படியோ வேற வழியா வந்து பாத்தாச்சுல்லா," என்றாள் முருகேஸ்வரி. அவள் குரலில் ஒரு பெரிய வேலை முடிந்த ஆசுவாசம் இருந்தது. "எங்கண்ணன் பேரு சின்னமுத்து, அண்ணாச்சி. நான் சின்னதுலயே ஊர்ல ஆச்சிகிட்ட வளந்து, சங்கரன்கோயில் பக்கம் வாக்கப்பட்டுப் போனவ, இந்த மலையே ஏறுனதில்ல. அன்னைக்கு ஓடியாந்தேன், ரோடு இல்லன்னு டவுன்லயே நிறுத்திட்டாவ. மதினியப் பாத்தேன், அண்ணனப் பாக்கல. ஒடம்பு இல்லாதவனுக்கு என்ன செய்ய? செத்த எடத்துல பிடிமண் எடுத்துட்டு வந்து, ஊர்ல பீடம் போட்டு, வருசம் திரும்புறதுக்குள்ள நடுவீட்டுச் சாமியாக் கும்பிடணும்னு பெரியவங்க சொன்னாவ. இந்தா, எடுத்துட்டேன். வீடு போற வரைக்கும் இதக் கீழ வைக்கக் கூடாது. போடிமெட்டு எறங்கிட்டா ராத்திரிக்குள்ள போயிருவோம்."

முடிச்சு அவள் மடியில் இருந்தது. கைக்குழந்தையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

தங்கதுரை ஜீப்பை ஓரம் கட்டினான். சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மண்ணில் சின்னமுத்து பெயரா எழுதியிருக்கிறது? ஆனால் அங்கே சங்கரன்கோயில் பக்கத்தில் ஒரு பீடம் எழும்பும். வருசா வருசம் பொங்கல் வைப்பார்கள். பிள்ளைக்கு முதல் மொட்டை அங்கேதான் எடுப்பார்கள். மருமகள்கள் விழுந்து கும்பிடுவார்கள். எல்லாம் ஜேசிபி தோண்டிய குழிக்கு. பார்க்க வந்த முட்டாள்களுக்கு அவன் வெட்டிய குழியில் சின்னமுத்துவின் தங்கையே வந்து விழுந்திருக்கிறாள். சொன்னாலோ, இப்போதே கேட்டுக்குள் கூட்டிப்போக வேண்டும். பட்டப்பகல், ரோடு நிறைய வண்டி. அவன் ஜீப் எங்கே திரும்புகிறது என்று ஒருத்தன் பார்த்தால் போதும், நாளைக்கு அங்கேயும் சோளம் சுடுவார்கள். இத்தனை நாள் காத்த இடம் போயிற்று.

அவன் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டே சொன்னான். பின்னால் திரும்பிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

"அக்கா, அது நெட்டிப்பாறை இல்ல. ரோட்டுக்கு மண்ணெடுத்த குழி. வேடிக்கை பாக்க வர்றவனுக்குக் காட்டுறதுக்காக நான் கட்டி விட்டது. சின்னமுத்து எனக்குப் பக்கத்து வீடு. அவன் கெடக்குற எடம் இந்தக் கேட்டுக்குள்ள இருக்கு."

அருண்பாண்டி பின்னாலிருந்து அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தான். "விடுல," என்றாள் அம்மா. அவள் கீழே இறங்கினாள். முடிச்சை அவிழ்த்து, மண்ணை ரோட்டோரம் கொட்டினாள். துணியை உதறினாள். ஒரு துணுக்கு மண்கூட ஒட்டியிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு மடித்தாள்.

"எங்கண்ணன்கிட்ட கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

கேட்டில் வீரபாண்டி அவளைப் பார்த்து முழித்தான். "என்னண்ணே இது? காலைல இந்தம்மா வந்து அழுதுச்சு. நீதான சொன்ன, சொந்தம்னு சொன்னாலும் விடாத, பொய் சொல்லுவானுகன்னு?"

"இப்பத் தொற," என்றான் தங்கதுரை. வீரபாண்டி கேட்டைத் திறந்தான். அவன் திரும்ப மூடுவதற்குள் பின்னால் ஹாரன் கேட்டது. ஈஸ்வரமூர்த்தியின் ஜீப். மூடின கேட்டு ஒரு வண்டிக்குத் திறந்தால் உள்ளே நமக்குக் காட்டாத ஏதோ இருக்கிறது என்று கணக்குப் போடத் தெரியாதவரா அவர்? டிரைவரை விரட்டிப் பின்னாலேயே வந்துவிட்டார்.

உள்ளே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் போயிருந்தன. மண் சரிந்த சிவப்பு போய், ஆள் உயரத்துக்குப் புல் மண்டியிருந்தது. ஆறு வேறு பக்கமாக ஒதுங்கி ஓடியது. ஒரு தகரத் துண்டு மட்டும் பாறையிடுக்கில் மடங்கிக் கிடந்தது. முருகேஸ்வரி புல்லுக்குள் நடந்துபோய், ஒரு இடத்தில் நின்று, பிறகு உட்கார்ந்தாள். "அண்ணே," என்று ஒரு தடவை கூப்பிட்டாள். அவ்வளவுதான். மஞ்சள் துணியை விரித்தாள். பையன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து புல்லை வேரோடு பிடுங்கிக் கொடுத்தான்.

ஈஸ்வரமூர்த்தி இறங்கி வந்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம்.

"ஏனுங்க, அப்ப அங்க பாத்தது டூப்ளிகேட்டுங்களா? இதுதான் ஒரிசினலுங்களா? இங்க ஒண்ணுமே இல்லீங்களே." பிறகு போனைத் தூக்கி, "அம்மிணி, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி மண்ணை எடுங்க, மூஞ்சி தெரியோணுமுங்க," என்றார்.

தங்கதுரைக்கு உச்சந்தலையில் ஏறியது. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் திரண்டு வந்தது. பாய்ந்துபோய் அவர் போனைத் தட்டிவிட்டான். "மனுசனாய்யா நீ? செத்த வீட்டுல வந்து நின்னுக்கிட்டு மூஞ்சி தெரியணுமா உனக்கு? வெக்கமா இல்ல?"

"அண்ணாச்சி." முருகேஸ்வரி எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. "அவர எதுக்கு வையுதீக? அவரு பாக்க வந்தவரு, பாக்காரு. நீங்க அங்க எவ்வளவு நல்லாச் சொன்னீக! அடுப்பு இங்க, தொட்டில் இங்கன்னு, கண்ணுல தண்ணி வர மாதிரி. நானே நம்பி அந்த மண்ணை மடியில ஏந்துனேனே. அதே மாதிரி இங்கயும் சொல்லுங்க. அவரும் கேக்கட்டும், நானும் கேக்கேன். எங்கண்ணன் வீடு எந்தப் பக்கம் இருந்துச்சு?"

அவள் கேலியாகக் கேட்கிறாளா, நிஜமாகவே கேட்கிறாளா என்று தங்கதுரைக்குத் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்க வேண்டும். துணி விரித்தபடி அவள் காத்திருந்தாள். கை எந்த இடத்தில் அள்ளுவது என்று தெரியாமல் நின்றது. ஈஸ்வரமூர்த்தியும் போனைப் பொறுக்கிக்கொண்டு அவன் வாயையே பார்த்தார்.

தங்கதுரை புல்லைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான், மறுபடியும் புல்லைப் பார்த்தான். அவன் பிறந்த வீடு, பக்கத்துச் சுவர், சோறு தின்ற அடுப்பு, எல்லாம் இங்கேதான் எங்கேயோ இருந்தன. வலது பக்கமா, இடது பக்கமா என்றுகூட அவனால் காட்ட முடியவில்லை.

"தெரியல அக்கா," என்றான்.

முருகேஸ்வரி தலையை ஆட்டிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே குனிந்து மண்ணை அள்ளினாள்.